ஆம்புலன்ஸ் போன பிறகு

சாலையில் ரத்தம் கிடந்தால் நாம் மண்ணைப் போடுகிறோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். அடிபட்டவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி அனுப்பிய கையோடு, பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் மணலிலிருந்தோ சாலையோரப் புழுதியிலிருந்தோ இரண்டு கூடை அள்ளிப் போட்டு, காலால் பரப்பிவிட்டுக் கலைந்துபோகிறோம். வண்டி வழுக்கக் கூடாது, குழந்தைகள் கண்ணில் படக் கூடாது, நாய் வந்து முகரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதன்பிறகு அந்த மண் என்ன ஆகிறது என்று நாம் நின்று பார்ப்பதில்லை. அது வெயிலில் காய்கிறது. லாரிச் சக்கரத்தில் அரைபடுகிறது. மறுநாள் விடிகாலையில் தெருக்கூட்ட வருகிற அம்மா அதைப் பெருக்கி, குவித்து, வாருகிறார். உடைந்த ஹெட்லைட் கண்ணாடியின் சில்லுகளும் அதே மண்ணுக்குள்தான் கிடக்கும். அது வெறும் மண் இல்லை என்று அவரிடம் நம்மில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டோம்.

இதை வைத்து நம்மை இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கண்முன்னே ஒருவர் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிற ஜனங்கள்தான் நாம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியதிலிருந்து அந்த எண் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். உதவப் போனால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்ற பழைய பயத்தை 2016-ல் உச்ச நீதிமன்றம் போக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு ஏறியது. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் வந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் யார் தருவார் என்ற திகைப்பும் பெருமளவு குறைந்தது. உயிரைக் காப்பாற்றுகிற பாதி வேலையை நாம் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டோம். அந்த உயிர் சிந்திவிட்டுப் போனதைத் துடைக்கிற மறுபாதி வேலைதான் யாருடையது என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். அப்படியென்றால் நாளொன்றுக்குச் சுமார் 175 விபத்துகள். எல்லாவற்றிலும் ரத்தம் சிந்தியிருக்காது என்று வைத்துக்கொண்டாலும், இன்று இந்த மாநிலத்தில் எத்தனையோ இடங்களில் யாரோ ஒருவர் குனிந்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார் என்பது உறுதி. அவர் கையில் உறை இருக்கிறதா, காலில் செருப்பாவது இருக்கிறதா என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்தக் கணக்கை நாமும் கேட்டதில்லை. இதை எழுதுகிற நானும் அந்தக் கூட்டத்தில் நின்று, வண்டி போனதும் வீட்டைப் பார்த்து நடந்தவர்களில் ஒருவன்தான்.

ஆட்டோக்காரரை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது என்று நாம்தான் அவரைக் கைகாட்டி நிறுத்துகிறோம். மீட்டரோ பேரமோ இல்லாமல் அவர் ஏற்றிக்கொண்டு பறக்கிறார். அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகிறது. கூடவே நாமும் போகிறோம். அவர் வெளியே நனைந்த பின்சீட்டோடு நிற்கிறார். ஆஸ்பத்திரிக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, முன்கண்ணாடி துடைக்க வைத்திருக்கிற துணியால் சீட்டைத் துடைத்து, அந்தத் துணியைப் பிழிந்து திரும்பவும் சீட்டுக்கு அடியிலேயே செருகிக்கொள்கிறார். மறுநாள் காலை அதே சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள். ஏற்றிக்கொள்ளத் தயங்குகிற டிரைவரை மனசாட்சி இல்லாதவர் என்று நாம் சுலபமாகத் திட்டிவிடுகிறோம். ‘ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே, வண்டியைக் கழுவித் தர்றது எங்க பொறுப்பு’ என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறோமா? அந்த ஒரு சொல் இருந்தால் பலருடைய தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

வாட்டர் வாஷ் கடைக்குப் போகிற கார்களின் கதையும் இதுதான். விபத்தில் சிக்கிய காரைப் பட்டறையில் தட்டி நிமிர்த்திய பிறகோ அதற்கு முன்போ, யாராவது ஒரு பையன் உள்ளே இறங்கிக் கழுவியாக வேண்டும். அரைக்கால் சட்டை, வெறுங்கால், கையில் அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சுகிற துப்பாக்கி. காய்ந்த ரத்தத்தின்மேல் அந்தத் தண்ணீர் மோதும்போது பொடித்திவலைகளாகத் தெறித்து அவன் கண்ணிலும் வாயிலும்தான் விழும். சீட்டுக்குள் இருக்கிற பஞ்சு ரத்தத்தை ஆழம்வரை குடித்திருந்தால் மேலே கழுவிப் பயனில்லை. அந்தப் பஞ்சை எடுத்தே போட வேண்டும். இதையெல்லாம் அவன் தெரிந்துவைத்திருக்க நியாயமில்லை. வண்டியைக் கொண்டுபோய் விட்ட நாமோ, ‘உள்ள கொஞ்சம் கறை இருக்கு தம்பி, நல்லா கழுவிக் குடுத்துடு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். என்ன கறை என்று சொன்னால் கழுவ மாட்டானோ, கூடுதலாகக் கேட்பானோ, வண்டி ராசியில்லாதது என்று பேச்சுக் கிளம்புமோ என்று நமக்குள் ஏதேதோ கணக்குகள். அந்தக் கணக்கில் அவனுடைய உடம்பு வரவே இல்லை.

ரயில் பாதையில் நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நடுவழியில் வண்டி நிற்கிறது. ‘யாரோ அடிபட்டுட்டாங்களாம்’ என்ற செய்தி பெட்டி பெட்டியாக வருகிறது. நாம் ஒரு முறை உச்சுக்கொட்டிவிட்டு, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று போனைப் பார்க்கிறோம். கோணிப்பையோடு கீழே இறங்கி நடக்கிறவர்கள் யார் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் மனம் வருவதில்லை.

வீட்டுக்குள் நடக்கும்போது இது இன்னும் வேதனை. குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்த பெரியவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய வீட்டுக்குள் தனியாக இறந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியவருகிற அம்மா, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட இளவயதுப் பிள்ளை என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நினைவு இருக்கும். போலீஸ் வருகிறது, உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகிறது. உறவுக்காரர்கள் வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறோம். காபி வருகிறது. யார் யாருக்குத் தகவல் சொல்லவில்லை என்று பட்டியல் போடுகிறோம். உள்ளே அந்த அறை அப்படியே இருக்கிறது. கடைசியில் அதைத் துடைப்பவர் யார்? அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வாட்ச்மேனும் அவர் மனைவியும், இல்லையென்றால் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. அவர்களும் இல்லாத வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயே ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து துடைக்கிறாள். அத்தனை பேர் வந்திருந்தும், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அந்தத் தரையைச் சுத்தம் செய்துவைப்போம் என்று நமக்குத் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கும் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

நமக்குச் சுத்தத்தில் அக்கறை இல்லையா என்றால், நிறையவே உண்டு. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வாசல்படி ஏறுவதில்லை. உடுத்தியிருந்த துணியைத் தனியாக நனைத்துவிடுகிறோம். ஆனால் இந்தச் சுத்தம் முழுக்க நம் உடம்பையும் நம் வீட்டையும் சுற்றியே வரையப்பட்டது. நம்மிடமிருந்து கழிந்தது யார் கைக்குப் போகிறது என்பது அதன் வரம்புக்குள் வரவில்லை. காரணம், அந்தக் கை யாருடையது என்று நம் முன்னோர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். பிரசவத்தின் ரத்தம், மாதவிலக்கின் ரத்தம், சாவு வீட்டின் துணி என்று எல்லாவற்றையும் வண்ணார், புதிரை வண்ணார் குடும்பங்களின் தலையில் ஏற்றினோம். பதிலுக்குக் கொடுத்தது மிச்சச் சோறும் தள்ளிவைப்பும்தான். இப்போது வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்துவிட்டது, பழக்கம் ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். துப்புரவு வேலைக்கு வருகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் எந்தச் சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால், ஒழிந்தது எது, ஒழியாதது எது என்று தெரிந்துவிடும்.

2004 டிசம்பர் 26-ன் சுனாமியை நாம் மறக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த உடல்களை மீட்டுப் புதைத்தவர்களில் பெரும்பகுதியினர் வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். முதல் நாட்களில் பலர் கையுறைகூட இல்லாமல் வேலை செய்தார்கள். அப்போது நாமெல்லாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? பிணங்களால் கொள்ளைநோய் பரவிவிடும், சீக்கிரம் புதையுங்கள் என்று. உண்மையில், பேரிடரில் மூழ்கியும் அடிபட்டும் இறந்தவர்களின் உடல்களால் ஊரில் கொள்ளைநோய் கிளம்புவதில்லை என்பதே மருத்துவம் சொல்வது. அந்த உடல்களைத் தொட்டுத் தூக்குகிறவர்களுக்குத்தான், ரத்தத்தாலும் கழிவாலும் ஆபத்து. ஆபத்து இல்லாத நாம் பயந்தோம். ஆபத்தில் இருந்தவர்களை அனுப்பிவைத்தோம். ஒவ்வொரு ஆண்டும் கடலில் பாலூற்றி அஞ்சலி செலுத்துகிறோம். அந்தத் தொழிலாளர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

நம் பயம் எப்போதும் இப்படித் திசைமாறித்தான் போயிருக்கிறது. இந்தியாவில் ஹெச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அதன்பிறகு நாம் ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: ஊசி போடப் போனால் புது ஊசியா என்று கேட்பது, சலூனில் உட்கார்ந்தால் பிளேடு மாற்றச் சொல்வது. நல்ல பழக்கம்தான். ஆனால் நமக்காக மாற்றிய அந்தப் பழைய பிளேடு எங்கே போனது என்று நாம் கேட்கவில்லை. அது முடியோடு சேர்ந்து கூட்டப்பட்டு, ஒரு பையில் கட்டப்பட்டு, குப்பை வண்டிக்காரரின் கைக்குத்தான் போனது. கிருமியைப் பற்றிய பாடத்தில் நம் பங்கை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

மீதிப் பாடம் அப்படியொன்றும் கடினமில்லை. உடம்புக்கு வெளியே, காய்ந்த நிலையில் ஹெச்ஐவி சீக்கிரமே வலுவிழந்துவிடும். நாம் அதிகம் பேசாத ஹெபடைடிஸ் பி கிருமி அப்படியில்லை. காய்ந்த ரத்தக் கறையிலும் அது குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெச்ஐவி தொற்றுவது 1,000-க்கு 3 பேர் அளவில்தான். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேர்வரை. அதே சமயம், காயமில்லாத தோலில் ரத்தம் பட்டுவிட்டது என்பதற்காக யாரும் நடுங்க வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அடிபட்டவரைத் தூக்கத் தயங்குவதற்கு இது காரணமே ஆகாது. கண், வாய், கையில் இருக்கிற வெட்டுக்காயம், உடைந்த கண்ணாடி, ஊசி ஆகிய இவைதான் கவனிக்க வேண்டிய வழிகள். தெருவில் வெறுங்கையோடு குப்பை வாருகிறவருக்கு இந்த வழிகள் எல்லாமே நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கின்றன.

சுத்தம் செய்ய வேண்டிய பொருளும் அரிதானதில்லை. வெறும் பிளீச்சிங் பவுடர்தான். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி அருகே மூட்டையாக இருக்கும். கோயில் திருவிழாவுக்கும் தலைவர்கள் வருகைக்கும் சாலையோரத்தில் வெள்ளைக்கோடு இழுக்க அதை எவ்வளவு தாராளமாகச் செலவிடுகிறோம்! ரத்தம் சிந்திய இடத்துக்கு அதில் ஒரு பிடி வருவதில்லை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர், பிளாஸ்டிக் வாளியில், அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்தது. போலீஸ் வர வேண்டிய சம்பவம் என்றால் அவர்கள் தடயம் எடுத்து முடித்த பிறகே கைவைக்க வேண்டும். கெட்டியான ரப்பர் கையுறை, மூடிய செருப்பு. முதலில் கண்ணாடிச் சில்லுகளை அட்டையாலோ இடுக்கியாலோ எடுத்துவிட வேண்டும், கையால் கூடாது. ரத்தத்தின்மேல் பழைய செய்தித்தாளோ துணியோ போட்டு, ஓரத்திலிருந்து உள்பக்கமாகக் கரைசலை ஊற்றி, 20 நிமிடம் விட வேண்டும். நாம் அவசரப்படுவது இங்கேதான். ஊற்றிய உடனே துடைத்துவிடுகிறோம். ரத்தம் குளோரினின் வலுவைத் தின்றுவிடும் என்பதால், துடைத்து எடுத்த பிறகு அதே இடத்தில் இன்னொரு முறை ஊற்ற வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிடை இதோடு கலந்துவிடக் கூடாது. அதிலிருந்து கிளம்புகிற நச்சுப்புகை மூச்சை அடைத்துவிடும். வெந்நீரும் வேண்டாம், கறை உறைந்து ஒட்டிக்கொள்ளும். வாசனைக்காக ஊற்றுகிற வெள்ளைப் பினாயிலை இந்த வேலைக்கு நம்ப முடியாது. சாலையில் மண்ணைப் போடுவதுகூடத் தவறில்லை. ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கரைசல் ஊற்றி, மண்வெட்டியால் அதை வழித்து எடுக்காமல் விட்டுவிட்டு வருகிறோமே, அதுதான் தவறு.

எடுத்ததை இரண்டு பைக்குள் இறுக்கிக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ, இந்த முழு வேலையிலும் நமக்குக் கஷ்டமானது இதுதான் என்று படுகிறது. சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுருட்டி, காய்கறித் தோலுக்கு நடுவே மறைத்துவைத்துக் கொடுத்தே பழகிவிட்டோம். வீட்டில் சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்கிற ஊசியும், படுக்கையில் இருக்கிற தாத்தாவின் புண்ணிலிருந்து எடுத்த பஞ்சும் அதே பையில்தான் போகின்றன. மருத்துவமனைகளுக்கு 1998-லிருந்தே விதி இருக்கிறது. 2016-ல் அது புதுப்பிக்கப்பட்டது. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கு. நம் வீட்டு ஊசிக்கும் ஒரு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பா வைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. அதன்மேல் ‘ஊசி’ என்று எழுதி ஒட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் இத்தனை வருடமாக மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

செய்யக்கூடியவை நம் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வாளி, கையுறை இரண்டு ஜோடி, இடுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை வாங்கி, முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஆட்டோ ஸ்டாண்டில் ஒன்று வைத்துவிட்டு, அண்ணன்மாரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து செய்து காட்டலாம். துக்க வீட்டில் யார் யாருக்குத் தகவல் சொல்வது என்று பட்டியல் போடும்போதே, அந்த அறையை யார் இரண்டு பேர் சுத்தம் செய்வது என்றும் தீர்மானித்துவிடலாம். வேலைக்காரர்களைக் கூப்பிடாமல் உறவுக்காரர்களே செய்வதுதான் முறை. துடைக்கிறவர்கள் அந்த வீட்டுக்கு வேண்டியவர்களாக இருந்தால் நல்லது.

இன்னொன்று தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி-க்கு எப்போதோ தடுப்பூசி வந்துவிட்டது. ரத்தத்தைத் தொடுகிற வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி இதை இலவசமாகப் போட்டுத்தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1991-லேயே விதி செய்தார்கள். நம் குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹெபடைடிஸ் பி-யும் அடக்கம்; தமிழ்நாட்டில் அது 2011 டிசம்பரில் தொடங்கியது. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது. இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிற, நம் தெருவைக் கூட்டுகிற அம்மாவுக்கும் குப்பை வண்டி தள்ளுகிற அண்ணனுக்கும் அவர்கள் சிறுவயதில் அது இல்லை. பெரியவர்களானபின் யாராவது போட்டுவிட்டிருந்தால்தான் உண்டு. போட்டிருக்கிறீர்களா என்று அவர்களிடமே கேட்டு, இல்லையென்றால், அவர்களுக்குச் சம்மதமென்றால், செலவை நம் தெருக்காரர்கள் ஏற்றுக்கொள்ளலாம். மொத்தம் மூன்று ஊசி. இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. முதல் ஊசி போட்டதும் படம் எடுத்துப் பகிர்ந்துவிட்டு அதோடு மறந்துபோகிறவர்கள் நாம் என்பதால், ஆறாம் மாதத் தேதியை முதல் நாளே காலண்டரில் குறித்து, அன்று அவர்களை அழைத்துப் போகிற பொறுப்பு யாருக்கு என்று பக்கத்திலேயே பெயரையும் எழுதிவிட வேண்டும்.